வெறுங்காலோடு ஒரு பரீட்சை

"உங்கட மெசினுக்கு எங்கட பிள்ளைகளத் தெரியாது சேர்."

படபடவென்று சொல்லிவிட்டாள் கம்சாயினி. கதிரவெளிப் பாடசாலையின் விளையாட்டு ஆசிரியை. கோபம் எப்போதும் மூக்கு நுனியில். எதிரே நின்ற நிலோஜன், பிள்ளைகளின் உடல்திறனை அளக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து அன்று காலைதான் வந்தவன். பிள்ளைகளின் இடுப்பிலும் கணுக்காலிலும் சின்னச் சின்ன சென்சார் பட்டிகளைக் கட்டி ஓடவும் துள்ளவும் விட்டான். பிறகு மடிக்கணினியைப் பார்த்து, "துள்ளுறதும் பாயிறதும் கொஞ்சம் குறைவாத்தான் இரிக்கு டீச்சர்" என்றான். அது ஒரு குற்றமா?

அவன் நிமிர்ந்து பார்த்தான். கோபப்படத் தெரியாத கண்கள்... மழைக்கு முந்திய வாவி போல அமைதியான கண்கள்.

"கிழமைக் கடைசியில ரிப்போர்ட் குடுக்கணும். அதுக்குப் பிறகு இந்தப் பக்கம் வேலை இல்ல. வாறன் டீச்சர்."

போய்விட்டான். மழையும் பிடித்துக்கொண்டது.

பாடசாலை விட்டதும் பிள்ளைகள் சப்பாத்தைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தேங்கிய தண்ணீரைத் தாவித் தாவிப் பாய்ந்தார்கள். கம்சாயினி அப்படியே நின்றுவிட்டாள். மணலில் வெறுங்காலோடு ஓடி வளர்ந்த பிள்ளைகள். வெளியாள் வருகிறார் என்று, அண்ணன்மாரின் சப்பாத்துகளை இரவல் வாங்கி அவர்களுக்கு மாட்டிவிட்டது அவளேதான்.

ஒரு போன் கோல் எடுத்துச் சொன்னால் முடிந்தது. சொல்லலாம்... வீறாப்பு விட்டால்தானே. அடைமழை விடவே இல்லை. அவன் போன பாதையைப் பார்த்துப் பார்த்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ரிப்போர்ட் போய்விட்டால் பிள்ளைகளுக்குக் கெட்ட பெயர். அவனும் இனி வரமாட்டான்... எது கூடுதலாக வலிக்கிறது என்று தன்னையே கேட்க வெட்கமாக இருந்தது.

கடைசியில் எடுத்தேவிட்டாள்.

"சேர்... அண்டைக்குப் பெரிய சப்பாத்துப் போட வச்சது நான்தான். பிழை என்னில."

மறுமுனையிலும் மழைச் சத்தம்.

"நாளைக்கே வாறன்" என்றான்.

மறுநாள் மழை விட்டிருந்தது. வெறுங்காலில் பிள்ளைகள் பறந்தார்கள். மடிக்கணினியைப் பார்த்து அவன் சிரித்த சிரிப்பில் அவளுக்கு உயிர் வந்தது. ஆனால் அவன் பட்டிகளைக் கழற்றிப் பைக்குள் வைக்கத் தொடங்கினானே... வந்த உயிரும் அதோடு போயிற்று.

"இனி இஞ்ச வாறதுக்கு ஒரு காரணமும் இல்ல, என்ன டீச்சர்?"

"காரணம் இல்லாம வாங்களன்."

"ஊர் கதைக்கும்."

இந்த முறை விட்டால் விட்டதுதான். தலையைக் குனிந்தவள், பிறகு நிமிர்ந்து அவன் கண்களையே பார்த்தாள்.

"அப்ப... அம்மாவையும் கூட்டிட்டு வாங்க" என்றாள்.