முதுகைத் துடைத்த கை

தண்ணீர் கேனை நிரப்பிக்கொண்டு பானு திரும்பியபோது உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள். போகும்போது அவள் புருஷன் குமரவேல் ஒருவன்தான் இருந்தான்.

காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸைப் புதுப்பிக்கும் முன் பழைய ஆஸ்பெஸ்டாஸ் பலகைகளைக் கழற்றியாக வேண்டும். அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன். அதனால் ஹாலைச் சுற்றிலும் பாலித்தீன் தாளால் அடைத்து, எட்டிப் பார்க்க ஒரு கண்ணாடி ஜன்னல் வைத்திருந்தார்கள். உள்ளே போகிறவர்களுக்குத் தலையோடு கால் வெள்ளை உடுப்பு, முகத்தில் மாஸ்க். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. குமரவேலோடு உள்ளே போகும் வேலை சுமலதாவுக்கு. வாசல் காவல் பானுவுக்கு. கட்டினவனை இன்னொருத்தியோடு அடைத்துவிட்டு வெளியே நிற்பதெல்லாம் ஒரு பிழைப்பா என்று தினமும் அவளுக்கு வயிறு எரியும்.

மூன்று மணி வெயிலில் பாலித்தீன் வாடை குமட்ட, காற்றை உறிஞ்சும் மெஷின் ஓயாமல் உறும, நனைத்த பலகைகளின் சுண்ணாம்பு நாற்றத்துக்கு நடுவே அவள் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். வெளியே வருமுன் ஒருவர் முதுகை மற்றவர் வாக்குவம் கிளீனரால் துடைத்துவிட வேண்டும் என்பது விதி. ஆனால் இன்றைக்கு அவன் பின்னால் நின்ற வெள்ளை உடுப்பின் கையில் மெஷின் இல்லை. வெறும் கை, குமரவேலின் பிடரியிலிருந்து இடுப்புவரை மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.

பொறாமை பிடித்த கண்ணுக்கு வெள்ளை உடுப்பெல்லாம் சுமலதா.

வாக்கி-டாக்கி கரகரத்தது. "பானு, உள்ள யாரு வந்தது? சுமாவா? பலகையப் புடிச்சிட்டிருக்கேன், திரும்ப முடியல."

நடிப்பைப் பார் என்று நினைத்தாள்.

"சொல்லேன் பானு."

வாக்கி-டாக்கியை அணைத்துவிட்டாள். கொஞ்சம் தவிக்கட்டும்.

"லேட்டாயிடுச்சுக்கா." பின்னாலிருந்து குரல். கையில் ஹெல்மெட்டோடு சுமலதா நின்றிருந்தாள். "புது ஃபில்டர் வாங்கிட்டு வரேன். அண்ணன் தனியாவா போயிட்டாரு? நக்கோ, வேணாம்னு சொன்னேனே."

பானு வாக்கி-டாக்கியை மறுபடி ஆன் செய்தாள். பொத்தானை அழுத்தினாள். அவள் பேச்சு போகவில்லை. அந்தப் பக்கம் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாம் சுத்தமாயிடுச்சி. மாஸ்க்கக் கழட்டுங்க."

பானுவின் குரல். அட்சரம் பிசகாமல் அவள் குரல்.

"நீதானா வந்தது?" என்றான் குமரவேல். "முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

பானு கண்ணாடியைக் குத்தினாள். கத்தினாள். மெஷின் உறுமியது. சுமலதா உடுப்பை எடுக்க ஓடினாள்.

உள்ளே அவன் பலகையை இறக்கி வைத்தான். மாஸ்க்கின் வாரை அந்தக் கைகள் தளர்த்தின. அவன் குழந்தை மாதிரி தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றான்.

முகம் வெளியே வந்தது. சிரித்துக்கொண்டிருந்தான். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவளைப் பார்த்து ஒருநாள்கூட அப்படிச் சிரித்ததில்லை. அந்த நேரத்திலும் அவள் வயிறு எரிந்தது.

அது அவன் கன்னங்களை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, பானுவின் பக்கம் திரும்பியது. மாஸ்க்குக்குள் கண்கள் இல்லை. சாம்பல் நிற ஆஸ்பெஸ்டாஸ் நார், விளிம்புவரை.

குமரவேல் வாயைத் திறந்து, நெஞ்சு விம்ம, ஆழமாக மூச்சை இழுத்தான்.