தகடு மாற்றிய செவெல்

கதவைச் சாத்தியபோது வந்த சத்தம் சரியில்லை. எழுபதாம் வருட மாடல் செவெல் காரின் கதவு எப்படிச் சாத்திக்கொள்ளும் என்று வெண்டல் ஹூக்ஸ்ட்ராவுக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும்: கனமாக, ஒரே அடியாக, அதோடு முடிந்துவிடும். இது முடியவில்லை. சாத்திய பிறகும் கதவின் வயிற்றுக்குள் ஒரு சரளைக்கல் மூட்டை சரிவது போல ஏதோ கரகரத்து, ஓய்ந்து, அவன் கையை எடுத்த பிறகு இன்னொரு தடவை கரகரத்தது.

துணி சுற்றிய காந்தத்தை எடுத்துக் கதவின் மேல் ஓட்டிப் பார்த்தான். எல்லா இடத்திலும் கச்சிதமாகப் பிடித்தது. நெளிவை மறைக்கப் பட்டி பூசியிருந்தால் அந்த இடத்தில் காந்தம் வழுக்கும். எப்படி வழுக்கும், பூசவே இல்லையே? அரிசோனா பாலைவனத்தில் துரு என்றால் என்னவென்று அறியாமல் கிடந்த உடல் இது. அவனே ஏற்றி வந்து, அவனே தேய்த்து, அவனே கருநீலம் அடித்தான். இன்று பொழுது சாய்வதற்குள் ஓஹையோவிலிருந்து ஒருவர் இதை வாங்க வருகிறார். வாங்கினால் மனைவி லோரீனின் அப்பா கட்டிய வீடு தங்கும். வாங்காவிட்டால் பிப்ரவரியில் வங்கி வந்து பூட்டிவிடும். விலை உச்சத்தில் இருந்தபோது அந்த வீட்டை அடகு வைத்துப் பழைய வண்டிகளாக வாங்கிக் குவித்தவன் வெண்டல்தான். "எங்கப்பா வீட்ட வெச்சு இரும்பு வாங்குன ஆளு" என்று லோரீன் இப்போதெல்லாம் அவனை அறிமுகப்படுத்துகிறாள். சிரித்துக்கொண்டேதான் சொல்கிறாள். அவனுக்குத்தான் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடிவதில்லை.

போன் அடித்தது. பழைய வண்டிகளுக்கு மதிப்புப் போடும் ராய்ஸ்.

"டேய் வெண்டல், அந்த ஆளு வந்தாச்சா?"

"இன்னும் இல்ல. மத்தியானத்துலேர்ந்து ஒரே பனி."

"வந்தா வெலையப் பத்திப் பிடிவாதம் பிடிக்காத. மார்க்கெட் செத்துக் கெடக்கு. இந்த வண்டிக்கு ஏங்குனவனெல்லாம் கெழவனாயிட்டான், பாதிப் பேரு போய்ச் சேந்துட்டான். அவன் புள்ளைங்களுக்குக் கியர் போடவே வராது. போன ஏலத்துல ஒரு அருமையான வண்டி, கேக்க நாதியில்லாம திரும்பிப் போச்சு."

"நம்மளுது அப்படியில்ல."

"அதத்தான் சொல்றேன். உன்னுது நம்பர் பொருந்துன வண்டி. எஞ்சின்ல இருக்கறதும் தகட்டுல இருக்கறதும் ஒண்ணு. தகரத்த மாத்தலாம், சீட்ட மாத்தலாம்டா. நம்பர் எதுவோ அதான் வண்டி. அந்த ஒண்ணுக்காகத்தான் அவன் இந்தப் பனியில வர்றான்."

வெண்டல் போனை வைத்துவிட்டான். முன்கண்ணாடிக்குக் கீழே அந்தத் தகடு, விரல் நீளம்தான், பூ மாதிரித் தலை கொண்ட இரண்டு ரிவெட் ஆணிகளோடு பளபளத்தது. அது இந்த உடலோடு பிறந்ததில்லை. இந்த உடல் பிறக்கும்போது ஆறு சிலிண்டர் சாதுவான வண்டி. பெரிய எஞ்சினோடு பிறந்தது வேறொன்று. சாகினா ஊருக்கு வெளியே சர்க்கரைக்கிழங்கு வயல் ஓரத்தில் ஒரு மேப்பிள் மரத்தில் மோதிச் சுருண்டுபோனது. "ஓட்டுனவன முழுசா எடுக்க முடியல, கொஞ்சம் கொஞ்சமாத்தான் எடுத்தாங்க" என்றான் உடைந்த வண்டிகள் விற்பவன். வெண்டல் அதை வாங்கி, எஞ்சினைத் தூக்கி, ரிவெட்டுகளைத் துளைத்துத் தகட்டைக் கழற்றி, இரண்டையும் இந்த உடலுக்கென்று எடுத்து வைத்து, மிச்சத்தை நசுக்கும் இயந்திரத்துக்கு அனுப்பினான். நசுங்கித் தீரும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தான். கெட்ட காலத்தில் இதைச் செய்கிறவர்கள் உண்டு. இதனால் யாரும் செத்ததில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தான்.

கதவின் உள்பக்க அட்டையைத் திருகிக் கழற்றினான். முதலில் வாடை வந்தது. ஈர மண், அதற்கடியில் கிழங்கு அழுகிய இனிப்பு, நாக்கில் ஒட்டிக்கொள்கிற இனிப்பு. விளக்கை உள்ளே நீட்டினான்.

உள்ளே கதவு நசுங்கியிருந்தது.

வெளியே வழவழவென்று நீலம். அதே தகரத்தின் மறுபக்கம் காகிதத்தைக் கசக்கி எறிந்தது போல மடிந்து, மடிப்புகளில் மரப்பட்டைத் துணுக்குகள் சிக்கி, கறுப்பாக ஏதோ காய்ந்து கிடந்தது. அந்த மடிப்புகளை அவனுக்குத் தெரியும். நசுக்கும் இயந்திரத்துக்குள் போனதை அவன் பார்த்த கதவு.

ஆனாலும் அவன் கைகள் அட்டையை எடுத்து மறுபடி பொருத்தித் திருகின. வெளியே நன்றாகத்தானே இருக்கிறது, வெளியேதானே பார்க்கப்போகிறார் என்று அந்த நேரத்திலும் கணக்குப் போட்ட புத்தியை நினைத்து அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

இருக்கையில் உட்கார்ந்து பார்த்தான். இருக்கையைக் கடைசிப் பல்வரை பின்னால் தள்ளியிருந்தும் ஸ்டீயரிங் அவன் வயிற்றைத் தொட்டது. காலையில் தொடவில்லை. முழங்கால் டாஷ்போர்டுப் பலகையில் இடித்தது. மூச்சை இழுத்தான். ஸ்டீயரிங் கூடவே வந்தது. மூச்சை விட்டான். அது திரும்பிப் போகவில்லை.

எப்படி வெளியே விழுந்தான் என்று தெரியவில்லை. துளையிடும் கருவியை எடுத்துக்கொண்டு மறுபக்கக் கதவு வழியாகக் கையை மட்டும் நீட்டித் தகட்டின் ரிவெட்டில் வைத்து அழுத்தினான். எடுத்துவிடுவோம். விற்காவிட்டால் போகிறது. துளையிடும் முனை சுழன்றது, சிணுங்கியது, முறிந்தது. இன்னொன்று. அதுவும் முறிந்தது. பூ ரிவெட்டில் ஒரு கீறல் இல்லை. தகடு சுட்டது.

கொட்டகை வாசலில் வண்டி வெளிச்சம் விழுந்தது. லோரீனின் குரல்.

"வெண்டல், இவர ரோட்டு முனையில கண்டுபிடிச்சேன். நம்ம தபால் பெட்டிய இடிச்சுட்டு நிக்கிறாரு பாவம்."

கூட வந்தவர் ஆர்லோ டிட்மர், வாங்க வந்தவர், சிவந்த மூக்கோடு தொப்பியைத் தட்டினார். வண்டியைப் பார்த்த கண்ணை எடுக்கவில்லை. பையிலிருந்து தன் காந்தத்தை எடுத்துப் பக்கவாட்டு முழுவதும் நடத்திக்கொண்டு போனார். பிடித்தது. பிடித்தது. எல்லா இடத்திலும் பிடித்தது. தகட்டைக் குனிந்து படித்து, முன்மூடியைத் திறந்து எஞ்சினில் பொறித்ததைப் படித்து, நிமிர்ந்தபோது கிழவரின் கண் ஈரமாக இருந்தது.

"இதே வண்டி பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட இருந்துச்சு. தொடக்கூட விடமாட்டான்" என்றார். "சத்தம் கேக்கலாமா?"

"அதுக்குத்தான் நான் இருக்கேன்" என்றாள் லோரீன். வாங்க வருபவர்கள் முன்னால் வண்டியைக் கிளப்புவது எப்போதும் அவள்தான். வீட்டுச் செருப்போடு ஒரு சின்ன உருவம் ஏறி முதல் திருப்பிலேயே கிளப்பினால் பேரம் பாதி முடிந்த மாதிரி.

"லோரீன், இரு. நான் பண்றேன்."

"நீயா? மூஞ்சியப் பாரு, பேயறைஞ்ச மாதிரி" என்று ஏறிக் கதவைச் சாத்தினாள். இந்தத் தடவை சத்தமே வரவில்லை.

சொல்லிவிடலாம். தகடு இதனுடையது இல்லை என்று ஒரே வார்த்தை. சொன்னால் கிழவர் திரும்பிப் போவார். வீடு போகும். அவள் பிறந்த அறை, அவள் அப்பா இழைத்த படிக்கட்டு, எல்லாம் போகும். அவன் வாயைத் திறந்தான். கிழவரின் முகத்தைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

எஞ்சின் உறுமியது. தரை நடுங்கியது. டிட்மர் கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்து, கோயிலில் நிற்பவர் போல நின்றார்.

கண்ணாடிக்குள் லோரீன் சிரித்துக்கொண்டே இருக்கையைப் பின்னால் தள்ளப் பார்த்தாள். மறுபடி தள்ளினாள். ஸ்டீயரிங் அவள் மார்பில் இருந்தது. சிரிப்பு நின்றது. அவனைத் தேடினாள்.

கதவின் பிடியை இழுத்தான். வரவில்லை. கதவுக்கும் உடலுக்கும் நடுவே சீராக அளந்து வைத்த இடைவெளி அங்கே இல்லை. நீலம் ஒரே பரப்பாக ஓடியது. சுத்தியலால் கண்ணாடியில் அடித்தான். தெறித்தது சுத்தியல். மறுபக்கம் ஓடினான். அங்கேயும் கதவு இல்லை. நீலம்தான்.

"நம்பர் பொய்" என்று கத்தினான். "தகடு வேற வண்டியோடது. இது அது இல்ல. இது அது இல்ல."

எஞ்சின் சத்தம் அதை விழுங்கியது. அவள் வாய் திறந்திருந்தது. அதையும் விழுங்கியது. இருக்கை முன்னால் வந்தது. பலகை பின்னால் வந்தது. மெல்ல. அவசரமில்லாமல்.

டிட்மர் மூடிய கண்களைத் திறக்காமலே, கன்னத்தில் நீர் வழிய, வெண்டல் நிற்பதாக நினைத்த திசையில் பேரம் முடிக்கக் கையை நீட்டினார். பக்கத்தில் ஒரு நெளிவும் இல்லாத நீல வண்டி நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. அதன் கண்ணாடியில் லோரீனின் உள்ளங்கை விரிந்து ஒட்டியிருந்தது, பிறகு ஒவ்வொரு விரலாகப் பின்பக்கம் மடியத் தொடங்கியது.