வாத்துச் செருப்பு

குற்றாலத்தில் சீசன் உச்சத்தில் இருந்த ஞாயிற்றுக்கிழமை. மெயினருவியில் ஆண்கள் வரிசை ஒரு பக்கம், பெண்கள் வரிசை மறுபக்கம். எதிரே கிதிர் முகம்மதுவின் துண்டுக் கடை. ஆறாம் வகுப்புப் படிக்கும் அவர் மகள் ஹஃப்சா, விடுமுறை நாட்களில் அங்கே சோப்பு எடுத்துக் கொடுப்பாள்.

அன்று அவள் நீட்டிய சோப்பை வாங்க ஆள் இல்லை. கேட்டவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு எதையோ வேடிக்கை பார்த்தார்.

"அங்கன என்ன மாமா கூட்டம்?"

"பிள்ளை பிடிக்கிறவன் மாட்டிக்கிட்டாம்மா. வடக்கன்."

ஹஃப்சா கடையிலிருந்து குதித்து ஓடினாள். "ஏட்டி, அங்கன போகாத!" என்று வாப்பா கத்துவதற்குள் அவள் பாதி தூரம் போய்விட்டாள்.

கூட்டத்தின் நடுவே ஒல்லியான ஒருவர் நின்றார். இடுப்பில் ஒரு துண்டு, தோளில் ஒரு குழந்தை. மூன்று வயதிருக்கும். அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதது. அதன் காலில் வாத்து முகம் வைத்த மஞ்சள் செருப்பு.

கீழப்பாவூரிலிருந்து குளிக்க வந்த பாண்டித்துரை அந்த மனிதரின் கையைப் பிடித்திருந்தார். ஆனால் பாண்டித்துரை அப்போதுதான் எண்ணெய் மசாஜ் முடித்திருந்தார். பிடித்த கை வழுக்கும். இன்னும் இறுக்கிப் பிடிப்பார். மறுபடி வழுக்கும்.

"பொம்பளைங்க குளிக்கிற பக்கம் பிள்ளையோட என்னலே சோலி ஒனக்கு?"

"அம்மா... அம்மா எங்க?" என்றார் அந்த மனிதர். அவருக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் அப்போது வந்தது அவ்வளவுதான்.

"அம்மாவத் தேடுதானாம்! யாரு அம்மாவன்னு கேளுங்க" என்றது ஒரு குரல். சிலர் சிரித்தார்கள்.

"வாட்ஸப்புல வந்துச்சுல்லா? இதே மாதிரி ஆளுதான்."

"போட்டோ இருந்துச்சா?"

"போட்டோ இல்ல. ஆனா இதே மாதிரிதான்."

பாண்டித்துரை அதட்டினார். "ஆதார் கார்டை எடுலே!"

அந்த மனிதர் தன் துண்டைத் தொட்டுப் பார்த்தார். பாக்கெட் இருந்தால்தானே?

"பாத்தியளா, கார்டு இல்ல!"

"அண்ணாச்சி, உங்க கார்டைக் காட்டுங்க பாப்போம்" என்றாள் ஹஃப்சா.

பாண்டித்துரை குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டார். அவர் இடுப்பிலும் துண்டுதான். சுற்றி நின்ற அத்தனை பேர் இடுப்பிலும் துண்டுதான்.

"நான் கீழப்பாவூருட்டி!"

"அது உங்களப் பாத்தா எப்படித் தெரியும்?"

அதற்குள் மைக் பேசியது. யாரோ போய்ச் சொல்ல, காவலர் அறையிலிருந்து போலீஸ்காரர் அறிவித்தார். "நீலச் சட்டை போட்ட ஆண் குழந்தை. பெற்றோர் உடனே வரவும்." திரும்பத் திரும்பச் சொன்னார். யாரும் வரவில்லை.

கூட்டத்தில் சிரிப்பு நின்றது.

"பெத்தவங்க இங்கன இருந்தா வராம இருப்பாவளா? எங்கிருந்தோ தூக்கிட்டு வந்திருக்கான்."

"ஜீப்பு வாரதுக்குள்ள ரெண்டு போட்டாதான் உண்மையச் சொல்லுவான்."

ஒருவர் ஈரத்துண்டை முறுக்க ஆரம்பித்தார். அந்த மனிதர் குழந்தையின் தலையைத் தன் கையால் மூடிக்கொண்டார்.

ஏன் யாரும் வரவில்லை? ஹஃப்சா அருவியைப் பார்த்தாள். தண்ணீர் இரைந்து விழுந்தது. போன வாரம் அவள் குளித்தபோது உம்மா பக்கத்தில் நின்று கூப்பிட்டதே கேட்கவில்லை. கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் வெளியே வந்தாள்.

"தண்ணிக்குள்ள நின்னா மைக்கு கேக்காது!" என்று கத்தினாள்.

"பிள்ளைய விட்டுட்டு ரெண்டு பேருமா குளிப்பாவ?" என்றார் பாண்டித்துரை.

"அம்மாகூடப் போயிட்டான்னு அப்பா நெனச்சிருப்பாவ. அப்பாகூட நிக்கான்னு அம்மா நெனச்சிருப்பாவ. எங்க கடைக்குத் தினமும் இப்படித் தேடிக்கிட்டு வாராவ!"

"இவன் கள்ளன் இல்லன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீங்க அடிச்ச பொறவு பெத்தவங்க வந்துட்டா, அடியத் திருப்பி எடுத்துக்கிடுவீங்களா?"

சிலர் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள். துண்டை முறுக்கிய கை மட்டும் நிற்கவில்லை.

அப்போது கிதிர் முகம்மது கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மகளைத் திட்டத்தான் வந்திருந்தார். திட்டவில்லை. போய் அந்த மனிதரை ஒட்டி நின்றுகொண்டார்.

"ஓடு. சீக்கிரம் வா" என்றார் மகளிடம்.

ஹஃப்சா குழந்தையின் ஒரு செருப்பைக் கழற்றிக்கொண்டு பெண்கள் பக்கம் பாய்ந்தாள்.

"ஏட்டி, செருப்போட உள்ள போகாத!" என்றார் பெண் போலீஸ்.

"கால்ல போடலக்கா, கையிலதான் இருக்கு!"

"வரிசையில வாட்டி!" என்று பின்னால் இருந்து பலர் சத்தம் போட்டார்கள். அவள் தண்ணீருக்குள் நுழைந்துவிட்டாள். இனி யார் திட்டினாலும் கேட்காது.

ஒவ்வொரு முகத்துக்கு முன்னாலும் செருப்பைத் தூக்கிக் காட்டினாள். ஒரு பெண் அவள் செருப்பு விற்கிறாள் என்று நினைத்து, வேண்டாம் என்று கையை ஆட்டினாள். கடைசியில் பாறையைப் பிடித்தபடி கண்மூடி நின்ற ஒருத்தியின் தோளைத் தட்டினாள். அவள் கண்ணைத் திறந்தாள். வாத்தைப் பார்த்தாள்.

அவள் போட்ட அலறல் அருவி இரைச்சலையும் தாண்டிக் கேட்டது.

ஓடி வந்த அம்மாவிடம் குழந்தை தாவியது. "தண்ணில வழுக்கிட்டேம்மா. மாமா தூக்குச்சு."

அப்போது ஆண்கள் வரிசைப் பக்கமிருந்து தலையைத் துவட்டியபடி ஒருவர் நிதானமாக வந்தார். "சுகந்தி, குளிச்சாச்சா? ஏன் அழுத?"

"பிள்ளைய உங்ககிட்டதான விட்டுட்டுப் போனேன்?"

"உன் பின்னாலதான வந்தான்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். இந்த முறை பிடி வழுக்கவில்லை.

கூட்டம் கரைந்தது. முறுக்கிய துண்டுக்காரர் அதைப் பிரித்துத் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பாண்டித்துரை, "எண்ணெய் காயுது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வரிசையில் போய் நின்றார்.

"உங்க பேரு என்ன?" என்று ஹஃப்சா கேட்டாள். அதுவரை யாரும் கேட்கவில்லை.

"சோம்ரா. டைல்ஸ் வேலை. குத்துக்கல்வலசைல." அவர் மணிக்கட்டு சிவந்திருந்தது.

"குளிச்சாச்சா?" என்று தலையில் தண்ணீர் ஊற்றுவதுபோல் கைகாட்டினாள்.

அவர் வரிசையின் முன்பக்கத்தைக் காட்டினார். குழந்தை வழுக்கியதைப் பார்த்தபோது அங்கேதான் நின்றிருந்தார். பிறகு வரிசையின் கடைசியைக் காட்டிப் பெருமூச்சு விட்டார்.

ஹஃப்சா அவர் கையைப் பிடித்து நேராகப் பாண்டித்துரையிடம் கூட்டிப் போனாள். "அண்ணாச்சி, இவரு உங்களுக்கு முன்னால நின்னவரு."

பாண்டித்துரை சோம்ராவின் மணிக்கட்டைப் பார்த்தார். தன் எண்ணெய்க் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"போ தம்பி" என்று விலகி நின்றார்.

சற்று நேரத்தில் சோம்ரா அருவிக்குள் நின்று ஹஃப்சாவைப் பார்த்து ஏதோ கத்தினார். ஒன்றும் கேட்கவில்லை. நன்றி சொல்கிறார் போல என்று நினைத்துச் சிரித்தபடி கையை ஆட்டினாள். அவர் இல்லை என்று தலையை ஆட்டி, மறுபடி கத்தி, அவள் கையைச் சுட்டிக்காட்டினார்.

அப்போதுதான் பார்த்தாள். வாத்து இன்னும் அவள் கையிலேயே இருந்தது.

"ஐயோ!" என்று பஸ் நிற்கும் பக்கம் ஓடினாள் ஹஃப்சா. தூரத்தில், அப்பாவின் தோளில் ஒற்றைச் செருப்பு ஆடிக்கொண்டே போனது.