அடுக்கி முடியாத ஹோல்

துணியில் தூசி ஒட்டவில்லை.

அழகம்மா மறுபடியும் கதிரையின் முதுகை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தாள். பிழிந்து எடுத்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது துணி. ஒரு வருடத்துக்கு மேலாகப் பூட்டிக் கிடக்கிறது என்று சொன்ன ஹோல் இது. கிளிநொச்சியை விட்டுச் சனங்கள் இடம்பெயர்ந்தபோது, வீட்டுக்காரி விமலேஸ்வரியம்மாவின் மச்சாள் ஞானேஸ்வரி உழவு மெசினுக்குப் பின்னால் கொளுவிய பெட்டியில் ஏற்றிவந்த சாமான் முழுவதும் இங்கேதான் கூரை முட்டக் குவிந்திருந்தது. கட்டில் சட்டங்கள், கவிழ்த்து ஏற்றிய மேசைகள், தையல் மெசின், தகர றங்குப் பெட்டிகள், வாய் கட்டிய உரப்பைகள், எல்லாவற்றுக்கும் பின்னால் ஆளுயரத்துக்கும் மேலான ஒரு கறுப்பு அலுமாரி. ஒரு சிலந்தி வலைகூட எங்கும் இல்லை.

"என்னம்மா, யாராச்சும் வந்து துடைச்சிட்டுப் போனாங்களா?"

விமலேஸ்வரி வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள். காலையில் கதவைத் திறந்துவிட்ட நேரம் தொட்டு அந்தப் படியை அவள் தாண்டவில்லை.

"ஆர் வாறது? பூட்டின திறப்பு என்ர இடுப்பில கிடக்கு. கதையை விட்டிட்டு வேலையைப் பார். வெள்ளிக்கிழமை கந்தோர்க்காரர் ஒபிஸ் போட இடம் பாக்க வருகினம்."

அழகம்மா துணியைப் பிழிந்தாள். முள்ளியவளைக் காட்டோரத்தில், தறப்பாள் கொட்டிலுக்குள் அவள் புருஷன் பாலன் மலேரியாக் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு கிடந்தான். கார்த்திகை மழை மூன்று நாளாக விடவில்லை. பாய்க்கடியில் தண்ணீர் ஓடியது. ஹோலைத் துப்பரவாக்கித் தந்தால் மழை முடியுமட்டும் இரண்டு பேரும் பின்னறையில் இருக்கலாம் என்று விமலேஸ்வரி சொல்லியிருந்தாள். அந்த ஒரு சொல்லுக்காக அழகம்மா இந்த ஹோலை நாக்கால்கூடத் துடைத்துக் கொடுப்பாள்.

அவள் உரப்பைகளை ஒவ்வொன்றாக இழுத்து வெளி விறாந்தையில் போட்டாள். கதிரைகளைச் சுவரோரமாக வைத்தாள். ஜன்னல் அலுமாரிக்குப் பின்னால் மறைந்திருந்ததால், வாசலால் வந்த வெளிச்சம் பாதித் தூரத்திலேயே தளர்ந்துபோனது. உள்ளே போகப் போகத் தேங்காயெண்ணெய் மணம். தலைக்கு வைத்து, முழுகாமல் விட்ட எண்ணெயின் கனத்த மணம். அதற்குள் ஈரத் துணியின் புளிப்பும் கலந்து வந்தது.

தும்புத்தடியால் கூட்டத் தொடங்கினாள். சர்ர்க். சர்ர்க். குவியலுக்குப் பின்னாலும் அதே சத்தம் கேட்டது. ஓட்டு வீடு, எதிரொலிக்கிறது என்று எண்ணினாள். கூட்டுவதை நிறுத்தினாள்.

சர்ர்க்.

ஒரு தரம். ஒரேயொரு தரம், அவள் நிறுத்திய பிறகு.

எலியாக இருக்கும். தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு, ஒரு உரப்பையைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்குப் போனாள். திரும்பி வந்தபோது கதிரைகள் முன்பைவிட ஒழுங்காக நின்றன. அவள் ஏனோதானோவென்றுதான் வைத்திருந்தாள். இப்போது ஏழு கதிரைகளின் கால்களும் நூல் பிடித்ததுபோல ஒரே கோட்டில் இருந்தன. தும்புத்தடி தலைகீழாக, தும்பு மேலே பார்க்க நிறுத்தப்பட்டிருந்தது.

"அம்மா," அவள் வாசலைப் பார்த்துக் கேட்டாள். "உங்க மச்சாள் இப்ப எங்க இருக்காங்க?"

விமலேஸ்வரி இடுப்புத் திறப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அவா செத்துப் போயிட்டா. வந்த மாசத்திலயே. இந்தச் சாமானை ஒருத்தரையும் தொட விடமாட்டா. ராவு பகலாத் துடைக்கிறதும் அடுக்கிறதும்தான். சாப்பாடு கொண்டந்தாலும் கதவு திறக்கமாட்டா." பிறகு அவசரமாக, "உனக்கேன் உதெல்லாம்? கெதியா முடி."

அழகம்மா ஒரு றங்குப் பெட்டியைத் தூக்கி மேசைமேல் கொஞ்சம் கோணலாக வைத்தாள். அலுமாரிக்குப் பின்னாலிருந்து உச்சுக்கொட்டும் சத்தம் வந்தது. வேலை தெரியாத மருமகளைப் பார்த்து மாமியார் உச்சுக்கொட்டுகிற அதே வெறுப்பு.

அவள் கை தானாகவே பெட்டியை நேராக்கியது.

சத்தம் நின்றது.

அழகம்மா பின்னால் நகர்ந்தாள். ஒரு அடி. இன்னொரு அடி. வாசலுக்குப் போய்விடலாம், பின்னறையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று அவள் திரும்பியபோது கதவு மூடிக்கொண்டிருந்தது. வெளியில் கொண்டி விழுந்தது.

"அம்மா! கதவத் தொறங்க! அம்மா!"

"சத்தம் போடாதை." விமலேஸ்வரியின் குரல் கதவோடு ஒட்டிக் கேட்டது. அவள் அழுவது போலிருந்தது. "நேற்றையிலயிருந்து என்ர அறைக்கும் வரத் தொடங்கியிட்டா. என்ர அலுமாரியையும் அடுக்கிறா. நான் என்ன செய்ய? நீ அவாவோட நிண்டு ஒழுங்கா அடுக்கு. அவாக்கு இன்னொரு ஆள் வேணும்."

காலடிகள் விறாந்தையால் இறங்கிப் போயின. மழை ஓட்டின்மேல் இன்னும் பலமாகக் கொட்டத் தொடங்கியது. பட்டப்பகல். ஆனால் உள்ளே எதுவும் தெரியவில்லை.

ஜன்னல். அலுமாரிக்குப் பின்னால் ஜன்னல் இருக்கிறது. கட்டில் சட்டங்களுக்குள் நுழைந்து, முழங்கால் சிராய்த்து, அலுமாரியின் ஓரத்தில் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். பாரமாக இருக்கும் என்று நினைத்தாள். அது லேசாக நகர்ந்தது, மறுபக்கத்திலிருந்தும் யாரோ பிடித்து இழுத்ததுபோல.

ஜன்னலின் சாம்பல் வெளிச்சத்தில் ஒரு சின்ன இடம். நிலம் துடைத்த ஈரத்தில் மினுங்கியது. ஒரு பாய் விரித்திருந்தது. பாயில், ஓரம் பிசகாமல் மடித்த துணிகள் மூன்று அடுக்காக இருந்தன.

துணிகள் என்றுதான் முதலில் நினைத்தாள்.

மேலே கிடந்ததன் விளிம்பில் ஐந்து நகங்கள் வரிசையாக இருந்தன. வெட்டிச் சுத்தமாக்கிய நகங்கள். அடுத்ததன் மடிப்புக்குள் எண்ணெய் வைத்துப் பின்னிய தலைமயிர், நுனியில் ரிப்பன் கட்டிச் செருகியிருந்தது. அதற்கும் கீழே ஒரு காது. தோடு கழற்றவில்லை.

அலுமாரியைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினாள்.

பிடரியில் ஈரத்துணி பட்டது.

குளிர்ந்த துணி. அது மெதுவாகக் கழுத்தைத் துடைத்தது. காதின் பின்பக்கம். முகம். கண் இமை. தேங்காயெண்ணெய் மணம் மூக்கை அடைத்தது. ஓட வேண்டும். கால்கள் கேட்கவில்லை.

"கையைத் தா," என்றது ஒரு பெண் குரல். மரியாதையில்லாத, அலுத்துப்போன குரல்.

அவள் கை நீண்டது. அவள் நீட்டவில்லை.

முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில், மடியவே கூடாத இடத்தில், கை மடிந்தது. நோவு இல்லை. சேலைத் தலைப்பு மடிவது போல மிருதுவாக மடிந்தது. வேறு யாரோவின் விரல்கள் ஓரத்தைத் தடவிப் பார்த்தன. சரிவரவில்லை. பிரித்து, உதறி, மறுபடி மடித்தன. உள்ளங்கையொன்று மடிப்பின்மேல் அழுத்தி, இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வரை, நிதானமாகத் தேய்த்துக்கொண்டு போனது.

பிறகு அது மற்றக் கையைத் தேடியது.