வட்டத்துக்குள் ஒரு கோடு

சுரங்க விளக்கறையின் பூட்டு குளிரில் உறைந்துபோயிருந்தது. காவலாளி சூரோன்பாய் சாவித் துவாரத்தில் வெந்நீரை ஊற்றிக்கொண்டே கனிஷாயைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமையாச்சே, வீட்ல எண்ணெய் காய வச்சாச்சாம்மா?"

"அம்மா விடிஞ்சதுமே போர்சோக் பொரிச்சுட்டாங்க பைக்கே. தம்பிக்கு அதுன்னா உசிரு." மூத்த ஆண்களைக் கிர்கிஸ்காரர்கள் 'பைக்கே' என்றுதான் கூப்பிடுவார்கள்.

எண்ணெயில் மாவு பொரியும் வாசனைதான் இறந்தவர்களுக்கு வெள்ளிக்கிழமைச் சாப்பாடு. அவள் தம்பி ஒமுர்பெக் அந்த வாசனையைச் சாப்பிடத் தொடங்கி நான்கு மாதம் ஆகிறது. ஜூலையில் மூன்றாம் சுரங்கம் இடிந்து செத்த ஏழு பேரில் அவனும் ஒருவன்.

"நான் இறங்கச் சொல்லவே இல்லை, அவனுங்களா போனானுங்க" என்று மேலாளர் தொலோகொன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். சொன்னது அவர்தான். ஆளுக்கொன்றாக ஏழு பணி உத்தரவில் கையெழுத்துப் போட்டிருந்தார். காகிதங்களை அன்றைக்கே அடுப்பில் போட்டுவிட்டார். ஆனால் அவற்றின் படங்கள் பேக்கப் ஃபோல்டரில் பத்திரமாக இருந்தன. அலுவலகத்தின் கணினிகளையெல்லாம் பார்த்துக்கொள்கிற கனிஷாய், திங்கட்கிழமை விசாரணைக்காரர்கள் வரும்வரை வாயைத் திறப்பதில்லை என்று இருந்தாள்.

இன்று காலை எல்லார் தொலைபேசிக்கும் பேக்கப்பின் தினசரி அறிக்கை வந்தது. 'ஏழு கோப்புகள் அழிக்கப்பட்டன. அழித்தவர்: கனிஷாய்.'

செத்த தம்பிக்கு இருந்த ஒரே சாட்சியை அக்காவே அழித்தாளாம்.

பேக்கப் கணினி விளக்கறையின் மூலையில் இருந்தது. சுவரில் வரிசையாகக் கொக்கிகள், அவற்றில் தலைவிளக்குகள். முதல் ஏழு கொக்கிகள் காலி. திரையைத் திறந்தாள்.

ஏழு கோப்பும் இருந்தன.

"பொய் சொல்ற நாயே" என்று கணினியைத் திட்டினாள். திட்டிவிட்டு உற்றுப் பார்த்தாள். இறந்தவர்களின் பெயரையே கோப்புகளுக்கு இட்டிருந்தார்கள்; அந்தப் பெயர்கள் மாறியிருந்தன. ஒமுர் என்றால் ஆயுள். அதன் முதலெழுத்து, உதட்டைக் குவித்துச் சொல்கிற கிர்கிஸ் ஒ. வட்டத்துக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு. கோடு இல்லாவிட்டால் அது வெறும் ரஷ்ய ஓ, பெயருக்கு அர்த்தமே கிடையாது. தொலோகொனுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை. "ஓவாவது ஒவாவது, ரஷ்ய எழுத்துலயே அடி" என்று சொல்லி எல்லார் பெயரையும் மொட்டையாக்கியிருந்தார்.

இப்போது ஒவ்வொரு வட்டத்திலும் கோடு விழுந்திருந்தது. அறிக்கை எழுதும் பழைய நிரலுக்கு அந்த எழுத்தே தெரியாது. பழைய பெயரைக் காணோம், புதுப் பெயரைப் படிக்க முடியவில்லை; உடனே 'அழிக்கப்பட்டது' என்று எழுதிவிட்டது.

சரி, மாற்றியது யார்?

பதிவில் பார்த்தாள். விளக்கெடுக்கும்போது தொழிலாளிகள் கட்டைவிரல் வைக்கும் கருவிதான் மாற்றியதாக இருந்தது; அதோ வாசலோரம் இருக்கிறதே, அது. இரண்டு வருடம் முன்பு சோம்பல்பட்டு அதைத் தன் பெயரிலேயே பொருத்தியவள் அவள்தான். அது எதைச் செய்தாலும் பழி அவள் தலையில்தான் விழும்.

ஆனால் அதன் கம்பி சுரங்கம் இடிந்த அன்றே அறுந்துபோயிற்று. அறுந்த நுனி சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

அறிக்கை சரியாகட்டும் என்று தம்பியின் பெயரைப் பழையபடி மொட்டை ஓவில் அடித்தாள். கையை எடுத்தாள்.

வட்டத்துக்குள் மெல்ல ஒரு கோடு விழுந்தது.

கருவி 'டிக்' என்றது.

அறைக்குள் காய்ந்த எண்ணெய் வாசனை பரவியது. அடுப்பே இல்லாத அறை.

"ஒமுர்?" என்றாள்.

கதவு படாரென்று திறந்தது. தொலோகொன், கையில் ஒரு காகிதம்.

"இந்தா, கையெழுத்துப் போடு. தெரியாம அழிச்சிட்டேன்னு எழுதியிருக்கு. அந்த உத்தரவுப் படமெல்லாம் பேக்கப்ல இருக்குன்னே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். நீயே அழிச்சுட்ட, மகராசி."

"நான் போடமாட்டேன்."

"போடலேன்னா போலீஸ் வரும். உன் பேருதானே இருக்கு?" சொல்லிக்கொண்டே திரையைப் பார்த்தவர் முகம் சுருங்கியது. "அடிப்பாவி. இருக்குதா எல்லாம்?"

அவளைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு ஏழையும் தேர்ந்தெடுத்து அழித்தார். ஃபோல்டர் வெறுமையானது.

"அந்த ஏழு பேருக்கும் உங்களுக்கும் என்ன பைக்கே பகை?" அவள் அவருக்கு நேரே போய் நின்றாள். "அனுப்பினதும் நீங்க. இப்ப திருட்டுத்தனமா போனாங்கன்னு சொல்றதும் நீங்க. அவங்க பேரைக்கூட முழுசா எழுத மனசு வரலையே உங்களுக்கு."

"செத்தவனுக்குப் பேரு எதுக்கு?"

இருவர் தொலைபேசியும் ஒரே நேரத்தில் அதிர்ந்தன.

'அழிக்கப்பட்டவை: எதுவுமில்லை. புதியவை: ஒன்று.'

திரையில் ஏழு கோப்புகளும் இருந்தன.

எட்டாவதும் இருந்தது.

தொலோகொன். மூன்று வட்டங்கள், மூன்றிலும் கோடு. அவர் தன் பெயரை ஒருநாளும் அப்படி எழுதியதில்லை. கனிஷாய் அதைத் திறந்தாள். இன்றைய தேதியிட்ட பணி உத்தரவு. மூன்றாம் சுரங்கம், இறங்கும் நேரம் பதினொன்று நாற்பது. கீழே அவருடைய கையெழுத்து.

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று முப்பத்தாறு.

"யார் வேலைடி இது?" என்று கிசுகிசுத்தார்.

"என் பேர்லதான் பதிவாகும் பைக்கே. ஆனா நான் இல்ல."

அவர் தன் கட்டைவிரலைப் பார்த்தார். நகம்வரை கரி. சட்டையில் தேய்த்தார், போகவில்லை. எட்டாவது கொக்கியிலிருந்து விளக்கை எடுத்து மாட்டிக்கொண்டு பனியில் இறங்கி நடந்தார். யாரோ கைபிடித்துக் கூட்டிப்போவது போல இருந்தது.

மூன்றாம் சுரங்கத்தின் வாயை ஆகஸ்டிலேயே கான்கிரீட் போட்டு அடைத்திருந்தார்கள். அவருடைய காலடித்தடம் அந்தச் சுவர்வரை போயிருந்தது. திரும்பி வரவில்லை. கான்கிரீட்டில் ஒரு கீறல்கூட இல்லை என்றார் சூரோன்பாய்.

திங்கட்கிழமை விசாரணைக்காரர்கள் ஏழு உத்தரவுகளையும் திறந்து சத்தமாகப் படித்தார்கள். ஒவ்வொரு பெயரையும் உதட்டைக் குவித்து, சரியாக. கனிஷாயின் அம்மா அழுதாள். அனுப்பியவர் யார் என்று எழுதி முடித்துவிட்டு, அவர் எங்கே என்று கேட்டார்கள். சூரோன்பாய் கான்கிரீட் சுவரைக் கைகாட்டினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா எண்ணெய் காயவைத்து, உருண்டை உருண்டையாக மாவைப் போட்டாள்.

"மேலாளரும் பாவம்டி, அவருக்கும் சேர்த்து ஒண்ணு போடட்டுமா?"

"ஏழு போதும்" என்றாள் கனிஷாய். "அந்த ஆளுக்கு வாசனைகூட கிடைக்கக் கூடாது."

தொலைபேசி அதிர்ந்தது.

'அழிக்கப்பட்டவை: ஒன்று. தொலோகொன்.'

பொய்யா மெய்யா என்று போய்ப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. ஆனால் கீழே இருந்த வரியில் அவள் பெயர் இல்லை.

'அழித்தவர்: ஒமுர்பெக்.'

அந்த நிரலுக்கு எழுதவே தெரியாத எழுத்து. வட்டத்துக்குள் கோடு அழுத்தமாக விழுந்திருந்தது.