அனுப்பியவர்: அவளே

அவள் எழுதாத மின்னஞ்சல் ஒன்று, அவள் முகவரியிலிருந்தே அவளுக்கு வந்திருந்தது.

‘பாப்பா கதவைத் திறந்துவிட்டாள்.’ ஒரே வரி.

அவளுக்குப் பயம் வரவில்லை, சலிப்புதான் வந்தது. பெறுகிறவரின் முகவரியையே போர்த்திக்கொண்டு வரும் போலி அஞ்சல்களைப் பிடிப்பதுதான் அலுவலகத்தில் அவள் வேலை. மதியமே இருட்டிக்கொண்டு வந்திருந்தது. ஏசி ஈரத்துணி வாடையோடு முனகிக்கொண்டிருக்க, மழை இன்னும் தொடங்காத ஜன்னலில் எதிர்க் கட்டடத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாய் எரியத் தொடங்கின.

பக்கத்து மேசையிலிருந்து ஒட்டடைக்குச்சி எட்டிப் பார்த்தான். அவன் உயரத்துக்கு எல்லாரும் வைத்த பெயர்.

“என்னக்கா, உங்களுக்கு நீங்களே மெயில் போட்டுக்கறீங்களா? வீட்ல பேச ஆளில்லையா?”

“போடா. எவனோ என் பேர்ல விளையாடுறான்.”

“ஃபில்டர் எப்படி உள்ள விட்டுச்சு?”

பால் வாங்கணும், மாத்திரை போடணும் என்று தனக்கே குறிப்பு அனுப்பிக்கொள்வது அவள் பழக்கம். போலி அஞ்சல்களைத் தடுக்கும் ஃபில்டர் அவற்றையும் பிடித்து உயிரை வாங்கியதால், தன் முகவரிக்கு மட்டும் விலக்கு கொடுத்து வைத்திருந்தாள்.

அனுப்பியவர் பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். வந்த வழியை மறைப்பதுதான் கஷ்டம். அஞ்சலின் உள்விவரத்தைத் திறந்து, எந்தெந்தக் கணினி வழியாக வந்தது என்று கீழிருந்து மேலாகப் படித்தாள். அடிவரியில் வழக்கமாக முன்பின் தெரியாத ஏதோ ஒரு கணினி இருக்கும்.

அவள் வீட்டுக் கணினி இருந்தது. அவளுடைய கடவுச்சொல்லைச் சரியாகப் போட்டே அனுப்பியிருந்தார்கள்.

அடுத்த அஞ்சல் வந்து விழுந்தது.

‘அவரைக் கடைக்கு அனுப்பிவிட்டேன்.’

கணவனைக் கூப்பிட்டாள். தெருவின் ஹாரன் சத்தத்துக்கு நடுவே அவன் குரல்.

“சொல்லு. இன்னும் என்ன வாங்கணும்?”

“எங்க இருக்கீங்க?”

“கடையிலதான். நீதானே துரத்திவிட்ட?”

“பாப்பா?”

“உன்கிட்டதானே விட்டுட்டு வந்தேன். தலையத் துவட்டிட்டு நின்னியே. என்ன ஆச்சு உனக்கு?”

“நான் ஆபீஸ்லதான் இருக்கேன். காலையிலேர்ந்து.”



“விளையாடாதே,” என்றான். மறுநொடியே வண்டியைக் கிளப்பும் சத்தம் கேட்டது. “நான் இங்கேர்ந்து வர்றதுக்கு நேரமாகும். நீ ஓடு.”

வீடு பின்தெருவில்தான். பையை எடுக்கவில்லை. குடையையும் எடுக்கவில்லை. மழை பிடித்துக்கொண்டது. கண்ணில் தண்ணீர் வழிய, நனைந்த துணி காலைச் சுற்ற, விழுந்து எழுந்து ஓடினாள்.

படிக்கட்டில் ஷாம்பு வாசனை. அவள் போடும் ஷாம்பு.

கம்பிக்கதவு உள்பக்கமாகப் பூட்டியிருந்தது. அதற்குப் பின்னால் மரக்கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே விளக்கு இல்லை.

“பாப்பா! அம்மா வந்திருக்கேன். ஓடி வா!”

பாப்பா வந்தாள். தலை பின்னி ரிப்பன் கட்டியிருந்தது. கம்பிக்கு எட்டாத தூரத்தில் நின்றாள். சிரிக்கவில்லை. மேலும் கீழும் பார்த்தாள்.

பிறகு உள்ளே திரும்பிக் கத்தினாள்.

“அம்மா! நீ சொன்ன ஆன்ட்டி வந்திருக்காங்க. உன்ன மாதிரியே இருக்காங்க.”

“பாப்பா, நான்தான்டா...”

“திறக்காத கண்ணு. வர்றேன்.”

அவளுடைய குரலேதான். உள்ளிருந்து.

வெறுங்கால் நடை. நிதானமாக.

இருட்டிலிருந்து ஒரு கை நீண்டு பாப்பாவின் தோளில் படிந்தது. அவள் கைதான். பாப்பா அதில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டாள்.