இணுவில் டொக்டரின் நெளிந்த கோடு

"வெள்ளிக்கிழமை கிராமசபை கூடுதாம், அண்ணை. என்ரை மில்லை மூடச்சொல்லி டொக்டர் பெட்டிசம் போட்டிருக்கிறார். மூடினால் நானும் பிள்ளையளும் என்னத்தைத் தின்னுறது?"

சுன்னாகத்தில் சோமசேகரத்தின் றேடியோ திருத்தும் கடை வாசலில் நின்று இரத்தினம்மா கேட்டாள். இணுவிலில் மாவும் மிளகாய்த்தூளும் அரைக்கும் மின்சார மில் அவளுடையது. அடுத்த வளவும் வீடும் டொக்டர் தில்லைநாதனுடையவை. இதயத்துடிப்பைக் கடதாசியில் கோடாக வரையும் இயந்திரம் ஒன்று அவரிடம் இருந்தது. மில் மோட்டர் அந்தக் கோட்டைக் குழப்புகிறது என்பதே அவருடைய முறைப்பாடு.

சோமசேகரம் உதவியாளன் கனிசியசுடன் புறப்பட்டார். மாலை வகுப்பில் றேடியோ படிக்கும் கனிசியஸ், ஓடிக்கொண்டிருந்த மில்லின் வாசலில் சின்ன றேடியோவைத் திருகிப் பார்த்தான். கரகரவென்று இரைந்தது. டொக்டர் சொன்னதுதான் சரியோ என்று அவனுக்கு மனம் சோர்ந்தது.

அடுத்த வீட்டில் டொக்டர் கடதாசியை நீட்டினார். கோடு நெடுகிலும் அரத்தின் பற்கள்போல ஒரே சீரான நெளிவு.

"பங்குனி முடியுமட்டும் நல்லாய்த்தான் இருந்தது. இப்ப ஒருத்தருக்கும் பார்க்கேலாது."

"மில் பத்து வருசமாய் ஓடுது, டொக்டர். ஒருக்கா நிப்பாட்டிப் பார்த்தனீங்களோ?"

"வேலிப் பிரச்சினைக்குப் பிறகு உந்த மனிசியோடை எனக்குக் கதைபேச்சு இல்லை."

"பெட்டிசம் எழுதக் கதைபேச்சு தேவையில்லைத்தான்" என்றார் சோமசேகரம்.

காத்திருந்த நோயாளி ஒருவரைப் படுக்கவைத்து இயந்திரத்தைப் பூட்டினார்கள். கனிசியஸ் வேலிக்கு மேலால் குரல் கொடுக்க, மில் நின்றது. றேடியோ அடங்கியது. கோட்டின் நெளிவு அடங்கவில்லை.

சோமசேகரம் டொக்டர் வீட்டுச் சுவரால் இறங்கிய செப்புக்கம்பியைத் தொடர்ந்து கிணற்றடிக்குப் போனார். குளிக்கும் தண்ணீர் புதிதாக வெட்டிய வாய்க்காலால் எலுமிச்சை மரத்துக்கு ஓடியது. வேலியோரம் போன பழைய வாய்க்கால் காய்ந்து வெடித்துக் கிடந்தது. அதன் முடிவில் கருகிய வாழை. வாழையடியில், அந்தச் செப்புக்கம்பி கட்டிய இரும்புக் குழாய்.

"தம்பி, இதடியிலை நாலு வாளி தண்ணி ஊத்து. பிள்ளை இரத்தினம்மா, நீ மில்லை ஓடவிடு."

இதற்கும் கோட்டுக்கும் என்ன தொடர்பு என்று தெரியாமலே கனிசியஸ் ஊற்றினான். மில் இரைந்தது. கோட்டின் நெளிவு போய், இதயத்துடிப்பு மட்டும் நூல்போல மெல்லியதாய் வந்தது.

எல்லோரும் வேலியடியில் கூட, சோமசேகரம் விளக்கினார்.

"மோட்டர் இரைச்சல் எண்டால் கோடு அங்கை இங்கை துள்ளும். இது ஒரே சீராய் நெளியுது. இந்த வீட்டுக் கரண்டிலையிருந்தே வாறது. அதை நிலத்துக்குக் கொண்டுபோறது இந்த எர்த் கம்பி. செம்மண் காய்ஞ்சால் கொண்டுபோகாது. அதுதான் எலக்ரீசியன் ஈரம் காயாத வாழையடியிலை தாட்டிருக்கிறான். வாய்க்காலைத் திருப்பினது ஆர்?"

டொக்டர் நிலத்தைப் பார்த்தார். "நான்தான், சித்திரையிலை. என்ரை வளவுத் தண்ணி அவவின்ரை தென்னைக்கு ஊறக்கூடாதெண்டு."

"அதுதானே பார்த்தன், ஏன் என்ரை தென்னையிலை குரும்பை எல்லாம் கொட்டுதெண்டு" என்றாள் இரத்தினம்மா.

"பெட்டிசத்தை இண்டைக்கே போய்த் திருப்பி எடுக்கிறன்" என்றார் டொக்டர், சோமசேகரத்திடம்.

"அதை எனக்கேன் சொல்லுறியள்? கேக்கவேண்டிய ஆள் வேலிக்கு அங்காலை நிக்கிறா."

டொக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு வேலிப்பக்கம் திரும்பினார்.